முதியவருக்குப் பதிலாக நீண்ட கை

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் ஆலத்தூர் கேட்டில் இறங்கி மேற்கே போனால் செட்டிகுளம். குன்றின்மேல் தண்டாயுதபாணி, ஊருக்குள் ஏகாம்பரேசுவரர், சுற்றிலும் சின்ன வெங்காயம் விளையும் நிலம். பெரம்பலூர் மாவட்டம் என்றால் வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி மூன்றும் நினைவுக்கு வரும். மூன்றும் வானத்தைப் பார்த்துச் செய்கிற விவசாயம். மழை பொய்த்த ஆண்டுகளில் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள்: கட்டட வேலைக்குச் சென்னை, பனியன் கம்பெனிக்குத் திருப்பூர், பாஸ்போர்ட்டுக்கு வழி செய்துகொண்டவர்களுக்கு வளைகுடாவும் சிங்கப்பூரும். போனவர்களில் ஒரு பங்கு நகரத்துக் குடிசைப் பகுதியிலேயே முதுமையடைகிறது. போகாத பெற்றோர் ஊரில் தனியாக முதுமையடைகிறார்கள். நகரத்து ஏழை முதியோருக்குக் கிறித்தவ மிஷன்கள் செய்த பணியின் வரலாற்றை இப்படி ஒரு ஊரிலிருந்து பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு. நகரத்தில் இருந்து எழுதுகிறவர்கள் அதைக் கட்டடங்களின் வரலாறாகவே எழுதுகிறார்கள்: எந்த ஆண்டில் எந்த இல்லம், எத்தனை கட்டில், யார் திறந்துவைத்தார். என் பார்வையில் அங்கே புதிதாக நடந்த காரியம் கட்டடம் கட்டியது இல்லை. சோறு போடுவதும் கூரை கொடுப்பதும் நம் நாட்டில் அதற்கு முன்பே இருந்தவைதான். கேட்கும் வேலையை முதியவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, அவருக்குப் பதிலாக இன்னொருவர் தெருவில் இறங்கியதுதான் புதிது. அந்த ஒரு மாற்றத்தை மையமாக வைத்தால்தான் இந்தப் பணியின் பெருமையும் குறையும் சரியான அளவில் தெரியும்.

கேட்பது என்பது எவ்வளவு பெரிய பாரம் என்பதைத் தமிழ் மரபு நன்றாக அறிந்திருந்தது. திருக்குறளில் இரவு என்று ஓர் அதிகாரம் உண்டு. அதை அடுத்தே இரவச்சம் என்று இன்னொன்று. கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட கையோடு, கேட்க நேர்வதைவிடக் கொடுமை இல்லை என்றும் சொல்லவேண்டியிருந்தது. கொடுப்பவர்களுக்கு நம்மிடம் பஞ்சம் இருந்ததில்லை. வழிநெடுகச் சத்திரங்கள் இருந்தன, மடங்களில் அன்னதானம் நடந்தது, கோயில் வாசலில் பட்டை சோறு கிடைத்தது. அரியலூர்ப் பக்கம் ஏலாக்குறிச்சியில், பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பணியாற்றிய ஊரில், மாதாவுக்குப் பெயரே அடைக்கல மாதா. ஆனால் இந்த எல்லா இடத்திலும் ஒரு நிபந்தனை பொது: வேண்டியவர் வந்தாக வேண்டும். வரிசையில் நிற்கவேண்டும், கையை நீட்டவேண்டும், நாளைக்கும் வரவேண்டும். சத்திரம் வழிப்போக்கனுக்காக ஏற்பட்டது. ஓரிரு நாள் தங்கிவிட்டுப் புறப்பட்டுவிடுவான் என்ற கணக்கில் நடந்தது. பல சத்திரங்களில் எந்தச் சாதிக்கு எந்தப் பந்தி என்பதும் தீர்மானமாகியிருந்தது. நடக்க முடியாத, போக்கிடம் இல்லாத, இறக்கும் வரை ஓரிடத்தில் கிடக்கவேண்டிய முதியவருக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை. 2002 முதல் அறநிலையத் துறைக் கோயில்களில் நடக்கும் மதிய அன்னதானம் எத்தனையோ பேர் பசியைத் தீர்த்திருக்கிறது. அதுவும் கோயில் வரை வர முடிந்தவருக்குத்தான்.

ஐரோப்பியர் வந்த பிறகும் முதலில் இந்த முறை மாறவில்லை. 1780-இல் ஹைதர் அலியின் படை தமிழகத்துக்குள் இறங்கியபோது ஊர்கள் எரிந்தன, வயல்கள் தரிசாயின, சனங்கள் கோட்டை நகரங்களை நோக்கி ஓடினார்கள். திருச்சியிலும் தஞ்சையிலும் பணியாற்றிய லுத்தரன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் முன்கூட்டியே நெல் வாங்கி வைத்திருந்து பஞ்சத்தில் வந்தவர்களுக்கு உணவளித்தார். சென்னையில் 1782-இல் கஞ்சித் தொட்டி தொடங்கியது. மணியக்காரர் ஒருவர் ஆரம்பித்துவைத்த அந்தத் தர்மம்தான் மணியக்காரர் சத்திரம் ஆனது. அதோடு ஒட்டி வளர்ந்த மருத்துவமனைதான் பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனை. இன்றைக்கும் வடசென்னையில் வயதானவர்கள் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வது உண்டு. இந்த இரண்டும் பஞ்சத்துக்குப் பிறந்தவை. பஞ்சத்தில் யாருக்கும் வயது பார்க்க நேரமில்லை. பசிதான் ஒரே தகுதி. பஞ்சம் நீங்கிய பிறகும் போகாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் யார் என்று பார்த்தால், உழைக்க உடம்பில் வலு இல்லாதவர்களும் முதியவர்களும்தான். பஞ்சத்துக்கு வைத்த தொட்டி, யாரும் திட்டமிடாமலே, முதியோருக்கு இடமானது.

1812-இல் சென்னையில் ஃபிரெண்ட்-இன்-நீட் சொசைட்டி தொடங்கியது. கும்பினிப் படையில் இருந்து ஓய்ந்தவர்கள், சிப்பாய்களின் விதவைகள், கலப்பினக் குடும்பங்களில் நாதியற்றவர்கள் என்று நகரத்தில் பிச்சையெடுக்கும் வெள்ளையரையும் ஆங்கிலோ-இந்தியரையும் பராமரிப்பது அதன் வேலை. மார்மடியூக் தாம்சன் என்ற ஆங்கிலிகன் குரு முன்நின்ற அந்தச் சங்கம், நகரத்து ஏழை முதியோருக்கென்று நிலையாக இயங்கிய கிறித்தவ ஏற்பாடுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அது ஒரு சமூகத்துக்குள் நின்றுவிட்டது என்பது உண்மை. ஆனால் நகரம் எப்படிப்பட்ட முதியவரை உண்டாக்குகிறது என்பதை அதுதான் முதலில் காட்டியது: சொந்த ஊர் இல்லாதவர், நிலம் இல்லாதவர், திரும்பிப்போகச் சுற்றம் இல்லாதவர். மற்ற முதியோரைப் பற்றி அரசுக்கு ஒரு வசதியான பதில் இருந்தது. இங்கிலாந்தில் ஏழைகளைப் பராமரிக்கச் சட்டம் இருந்தது. கொடூரமான சட்டம்தான், 1834-க்குப் பின் முதியவர்களையும் வேலைக்கூடத்தில் அடைத்தது, ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருந்தது. இந்தியாவுக்கு அதைக் கொண்டுவரவே இல்லை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு கூடிய பஞ்சக் கமிஷன் 1880 அறிக்கையில் இந்தியச் சமூகத்தின் தர்ம குணத்தை மனதாரப் புகழ்ந்தது. குடும்பமும் சாதியும் ஊரும் தங்கள் ஏழைகளைப் பார்த்துக்கொள்கின்றன என்ற அந்தப் பாராட்டு, சாதாரணக் காலத்தில் அரசு செலவு செய்யத் தேவையில்லை என்பதற்கும் சான்றாகிவிட்டது. நம் குடும்பப் பாசத்தைப் பற்றி நாமே பெருமையாகப் பேசும்போதெல்லாம், அதே பேச்சு எதற்குப் பயன்பட்டது என்பதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

நான் சொல்லும் மாற்றம் நடந்த இடம் பிரான்சில் பிரிட்டானி கடற்கரை. ழான் ழூகான் 1792-இல் கான்கால் என்ற மீனவ ஊரில் பிறந்தார். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பிள்ளைப் பிராயத்திலேயே வேலைக்குப் போய், ஒரு பெரிய வீட்டில் சமையல்காரிக்குத் துணையாக இருந்து, பிறகு சேன்-செர்வான் மருத்துவமனையில் உழைத்து, கல்யாணம் செய்துகொள்ளாமல் நாற்பத்தேழு வயதைத் தொட்டவர். சேன்-செர்வான் துறைமுக ஊர். கடல் கொண்ட மாலுமிகளின் விதவைகள் அங்கே தெருத்தெருவாகப் பிச்சையெடுத்தார்கள். 1839 குளிர்காலத்தில் கண் பார்வையற்ற, பக்கவாதத்தில் விழுந்த ஆன் ஷோவேன் என்ற கிழவியை ழான் தன் அறைக்குத் தூக்கிவந்து, தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் மச்சில் போய்ப் படுத்துக்கொண்டார். பணக்கார வீட்டுச் சீமாட்டி செய்த தர்மம் இல்லை இது. கூலிக்கு உழைத்த ஒருத்தி, நாளைக்குத் தனக்கும் அதே கதிதான் என்று தெரிந்தே செய்தது. கிழவிகள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். 1841-இல் பழைய சாராயக்கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் பன்னிரண்டு பேரை வைத்தார்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? வந்த கிழவிகள் பிச்சையெடுத்துப் பழகியவர்கள். வெளியே போய்க் கேட்டு வருகிறோம் என்றார்கள். அவர்களை மறுபடி தெருவுக்கு அனுப்ப ழானுக்கு மனம் வரவில்லை. நீங்கள் வழக்கமாகப் போகும் வீடுகள் எவை என்று விசாரித்தார்; அவர்களும் சொன்னார்கள். எந்த வீட்டில் எந்தக் கிழமை காசு கொடுப்பார்கள், எந்த வீட்டில் மீந்த ரொட்டி கிடைக்கும் என்று ஒவ்வொருத்தியும் மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அந்தக் கணக்கை வாங்கிக்கொண்டு, கையில் ஒரு கூடையோடு, அந்தந்த வீட்டு வாசலில் அந்தந்தக் கிழவியின் பெயரைச் சொல்லிக்கொண்டு ழான் போய் நின்றார்.

இந்தக் காட்சியில் சோறும் அதேதான், கொடுப்பவர்களும் அதே ஆட்கள்தான். ஒன்றே ஒன்று மாறிவிட்டது: கிழவி வீட்டில் படுத்திருக்கிறாள், அவள் படவேண்டிய அவமானத்தை வேறொருத்தி படுகிறாள். அந்த அவமானம் கொஞ்சநஞ்சமும் இல்லை. ஒரு வீட்டில் ஒருவர் அறைந்தபோது, இது எனக்கு, இனி என் ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள் என்று ழான் கேட்டதாக, அவரைச் சுற்றி உருவான கன்னியர் சபையில் சொல்வார்கள். 1845-இல் பிரெஞ்சு அகாதமி அவருக்கு மோந்தியோன் பரிசாக 3,000 ஃபிராங்க் கொடுத்தது. 1852-இல் டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகையில் சபையின் பாரிஸ் இல்லத்தைப் பற்றிக் கட்டுரை வந்தது. ஆனால் சபைக்குள்ளே வேறொன்று நடந்தது. லெ பைய்யேர் என்ற குரு 1843-இலேயே ழானைத் தலைமையிலிருந்து இறக்கிவிட்டு இளைய சகோதரி ஒருவரை வைத்தார். நிறுவனர் தாமே என்று உலகை நம்பவும் வைத்தார். ழான் தம் கடைசி 27 ஆண்டுகளைப் புதிதாகச் சேர்ந்த கன்னியர் நடுவே, தாம் யார் என்றே பலருக்குத் தெரியாமல் கழித்து, 1879-இல் இறந்தார். சேவை செய்யும் நிறுவனத்துக்குள்ளேயே ஒரு மூத்த பெண்ணை எவ்வளவு எளிதாக ஓரங்கட்ட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2009-இல் அவரைப் புனிதராக அறிவித்தது நல்லதுதான். அந்த அநீதியைக் கதையில் இருந்து நீக்கிவிட்டுப் புனிதத்தை மட்டும் சொல்வது நல்லதில்லை.

இருந்தும் ஒரு விஷயத்தில் சபை ழானின் வழியில் நின்றது. 1865-இல் ஒரு கேள்வி எழுந்தது. இல்லங்கள் பெருகிவிட்டன, சொத்தும் மூலதனமும் எழுதிவைக்கப் பணக்காரர்கள் தயாராக இருக்கிறார்கள், நிலையான வருமானத்தை ஏற்கலாமா? ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ழானையும் அழைத்துக் கேட்டார்கள். வேண்டாம் என்றார் அவர். வட்டியும் குத்தகையும் வராது, அன்றாடம் கேட்டு வாங்கித்தான் இல்லம் நடக்கும் என்று முடிவானது. நம் சத்திரங்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த முடிவின் ஆழம் புரியும். சத்திரத்துக்கு நிலம் எழுதிவைத்தார்கள். இரண்டு தலைமுறையில் நிலம் தர்மகர்த்தாவின் நிலமானது, சத்திரம் பாழானது. சொத்து இல்லாத தர்மத்தைத் தின்ன ஆள் வராது. அதோடு, தினமும் கடைத்தெருவுக்குப் போய்க் கேட்டே ஆகவேண்டும் என்றால், அந்த ஊர் தன் முதியோரைத் தினமும் நினைத்தே ஆகவேண்டும். ழான் இறந்தபோது சபையில் சுமார் 2,400 கன்னியர், இல்லங்கள் 177. மூன்றே ஆண்டில், 1882-இல், ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற அந்தச் சபை கல்கத்தாவுக்கு வந்தது. பிறகு கொழும்பு, பெங்களூர், செகந்திராபாத், சென்னையில் ஹாரிங்டன் சாலை. அறுபது வயது தாண்டிய ஏழை என்பதே நிபந்தனை, மதம் கேட்பதில்லை, சேர்ந்தவர் சாகும்வரை இருக்கலாம். அதே 1882-இல் ஐ.சி.எஸ். பதவியை உதறிய ஃபிரெடரிக் டக்கர் பம்பாயில் இறங்கி இரட்சணிய சேனையைத் தொடங்கினார்; அவருடைய ஆட்கள் காவி உடுத்து, வெறுங்காலோடு நடந்து, வீட்டு வாசலில் உணவு கேட்டார்கள். 1948 ஆகஸ்டில் மடத்தை விட்டு வெளியேறிய அன்னை தெரசா கல்கத்தாவில் முதலில் தங்கியதும் சிறிய சகோதரிகளின் முதியோர் இல்லத்தில்தான். அங்கிருந்துதான் தினமும் மோத்திஜீல் சேரிக்கு நடந்தார்.

வெளிநாட்டிலிருந்து வந்த இந்த வழக்கம் இந்த மண்ணில் ஒட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. காவி கட்டி ஓடேந்தியவரை நம் தெரு அறியும். அவரைக் கும்பிட்டு அரிசி போடவும் அறியும். அடுத்தவருக்காகக் கேட்கிறவர் தமக்காகக் கேட்கும் ஏழையைவிட உயர்ந்தவர் என்ற எண்ணம் இங்கே ஏற்கெனவே ஊறியிருந்தது. அரிசி சேர்ப்பதிலும் இதே கதைதான். திருநெல்வேலிச் சபைகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சேர்ப்பார்கள். மிசோரத்தில் 1910-இல் தொடங்கிய கைப்பிடி அரிசியால் அங்கே சபைகளின் பணியே நடக்கிறது. காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடியரிசித் திட்டமும் இதே வழிதான். ஒரு பிடி அரிசி குறைந்தால் எந்த வீட்டிலும் யாருக்கும் வயிறு காயாது. நூறு வீட்டுப் பிடி சேர்ந்தால் ஒரு நாள் பந்தி நடக்கும். இதை எந்த மதம் எந்த மதத்திடமிருந்து எடுத்தது என்று வழக்காடுவதில் எனக்கு ஆர்வமில்லை. ஏழை வீடும் கொடுக்கலாம் என்பதே இதில் பெரிது. தர்மம் பணக்காரரின் பெயர்ப் பலகையாக இருக்கும் ஊரில், குடிசைவாசியும் கொடுப்பவர் வரிசையில் நிற்க இது வழி செய்தது.

மதமாற்றத்துக்காகச் செய்த வேலை இது என்பது பலரும் சொல்வது. இதைத் தள்ளிவிட முடியாது. தாது வருஷப் பஞ்சத்தின்போது திருநெல்வேலிப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் மிஷன்களில் சேர்ந்தார்கள் என்பதை மிஷனரிகளே மகிழ்ச்சியோடு பதிவு செய்தார்கள். சாகக் கிடந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததையும் மறைக்கவில்லை. காளிகட்டில் 1952-இல் யாத்திரிகர் விடுதியில் அன்னை தெரசா, சாகக் கிடப்பவர்களுக்கான நிர்மல் ஹ்ருதய் இல்லத்தைத் திறந்தபோது எதிர்ப்பு எழுந்ததும் இந்தச் சந்தேகத்தில்தான். மரணப் படுக்கையில் இருப்பவரின் சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம் என்ற கேள்வி நியாயமானது. எந்த இல்லமும் அதற்குக் கட்டுப்பட்டே தீரவேண்டும். ஆனால் ஆள் சேர்ப்பதே நோக்கம் என்றால் முதியோர் பணி அதற்கு மிக மோசமான வழி. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கியதும் மிஷன் பள்ளிக்கூடம் திறந்தது. பிறகு அச்சுக்கூடம், விடுதி, கல்லூரி. 1900-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் மருத்துவப் பணியைத் தொடங்கினார். முதியோருக்கான பணி இந்தப் பட்டியலில் கடைசியில்தான் வந்தது, வந்தபோதும் சிறிதாகவே வந்தது. பள்ளியில் சேர்ந்த பிள்ளை குடும்பத்தைக் கூட்டிவரும். எழுபது வயது விதவை யாரைக் கூட்டிவருவாள்? மிஷன்கள் தயங்கித் தயங்கி இதில் இறங்கியதே, இதில் சபை வளராது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததற்குச் சான்று. அந்தத் தயக்கத்தை மீறிச் செய்தவர்களைத்தான் நான் இங்கே பேசுகிறேன்.

முதியோர் இல்லம் என்பதே மேல்நாட்டுச் சரக்கு, அது வந்துதான் நம் குடும்பம் குலைந்தது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. காலவரிசையே இதற்கு எதிராக நிற்கிறது. குடும்பம் குலைவதற்கு நெடுநாள் முன்பே குடும்பம் இல்லாதவர்கள் நகரத்தில் இருந்தார்கள். துரை வீட்டில் ஆயாவாக இருந்தே காலம் கழித்தவள், சமையற்காரன், துறைமுகச் சுமைகூலி, பிள்ளையில்லாத விதவை, இவர்களுக்குக் குலைவதற்கு ஒரு குடும்பமே வாய்த்ததில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில் இன்னொன்று நடந்தது. பிள்ளைகள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள்; பெரம்பூரிலும் பொன்மலையிலும் ரயில்வேயில் உழைத்து ஓய்ந்தவர்கள் பின்தங்கினார்கள். கடிதம் வந்தது, பணமும் சிலருக்கு வந்தது, ஆள் வரவில்லை. மிஷன் இல்லங்களின் கட்டில்கள் அப்போது அவர்களால் நிறைந்தன. அன்று அதைப் பார்த்த தமிழ்க் குடும்பங்கள், அது அவர்கள் பழக்கம், நம்மவர் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று எண்ணியிருக்கலாம். இன்றைக்குச் செட்டிகுளம் சுற்றுவட்டாரத்தில் வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளையின் முகம் பார்க்கும் எத்தனையோ வீடுகளில் நடப்பது அதேதான். பாசம் குறைந்ததாக நான் நினைக்கவில்லை. வேலை இருக்கும் இடத்துக்கும் பெற்றோர் இருக்கும் இடத்துக்கும் நடுவே தூரம் விழுந்துவிட்டது. 1978-இல் சென்னையில் சாவித்திரி வைத்தி ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக விஸ்ராந்தி இல்லத்தைத் தொடங்கியதும், அதே ஆண்டில் ஹெல்ப்ஏஜ் இந்தியா தொண்டு நிறுவனம் பதிவானதும், இந்தத் தேவை ஒரு மதத்தாரின் கற்பனை இல்லை என்பதைக் காட்டின.

எனக்கு மிகக் கனமாகப் படுவது வேறொரு எதிர்வாதம். கூடையேந்துவது எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அது தயவுதான், உரிமை இல்லை. தயவு இருக்கும்வரை உரிமையைக் கேட்க யாருக்கும் தோன்றாது. இந்த வாதம் சரியானது. நம் அரசியல் சாசனத்தின் 41-ஆம் பிரிவு முதுமையில் அரசு உதவியைப் பேசுகிறது. 1962 ஏப்ரல் முதல் நம் மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் வந்தது; அன்றைக்கு மாதம் 20 ரூபாய். 2023-இல் அது 1,200 ஆனது. எந்தக் கன்னியர் மடமும் லட்சக்கணக்கான முதியோரை மாதந்தோறும் தொட முடியாது, அரசால்தான் முடியும். ஆகவே ஓய்வூதியம் கூடையைவிட மேலானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த உரிமை கைக்கு வரும் வழியைப் பாருங்கள். ஓய்வூதியம் வாங்க, தான் ஆதரவற்றவர் என்பதை முதியவரே நிரூபிக்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார் என்று மனு நகர நகர, பின்னாலேயே அவரும் நகரவேண்டும். பிள்ளை இருக்கிறானே என்ற கேள்விக்கு, அவன் பார்ப்பதில்லை என்று பத்துப் பேர் நடுவில் வாய்விட்டுச் சொல்லவேண்டும். கைரேகை தேய்ந்துபோய் இயந்திரம் ஏற்காவிட்டால் மறுபடியும் பஸ் ஏறவேண்டும். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகள்மேல் மனுப்போட வழி செய்தது; மனுப்போட்டுவிட்டு அந்தப் பிள்ளையின் தெருவிலேயே குடியிருக்கவேண்டியதும் அந்தத் தாய்தான். உரிமை வந்தது, கேட்கும் பாரம் மட்டும் பழையபடி முதியவரின் தலையிலேயே இருக்கிறது. ழான் ழூகான் விசாரித்து வாங்கிய அந்த வீட்டுக் கணக்கை, அலுவலகங்களின் கணக்காக மாற்றி மறுபடியும் கிழவியின் கையில் கொடுத்துவிட்டோம்.

மிஷன் இல்லங்களிடம் குறை இல்லாமல் இல்லை. கேட்கும் சுமையை இறக்கிவைத்த இல்லம், கூடவே தெருவையும் பறித்துக்கொண்டது. மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் தூக்கம். வெற்றிலைப் பெட்டியும் திண்ணை வம்பும் இடுப்பில் செருகிய சுருக்குப் பையும் ஒரு மனுஷியின் வாழ்க்கையில் எவ்வளவு பெரியவை என்பதை ஒழுங்கை நேசிக்கும் நிறுவனங்கள் எளிதில் உணர்வதில்லை. இந்தப் பிழையைப் பின்னால் அரசும் செய்தது, இன்னும் பெரிய அளவில். குடிசை மாற்று வாரியம் 1970-இல் பிறந்தபோது இருந்த இடத்திலேயே வீடு கட்டிக் கொடுப்பதே முதன்மையாக இருந்தது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் விளிம்புக்குக் குடும்பங்களை மொத்தமாக ஏற்றி அனுப்பினார்கள். கூவம் கரையில் இருந்த மூதாட்டிக்குச் சோறு போடப் பக்கத்துக் குடிசை இருந்தது, இட்லிக் கடையில் பாத்திரம் கழுவினால் பத்து ரூபாய் கிடைத்தது, பெரிய ஆஸ்பத்திரி நடக்கும் தூரத்தில் இருந்தது. மாடிக் கட்டடத்தின் நாலாம் தளத்தில், மின்தூக்கி ஓடாத நாளில், அவருக்கு அந்த மூன்றும் இல்லை. தெருவுக்குள்ளேயே வந்து, முதியவரை அவர் இடத்தில் வைத்தே பார்க்கும் பணிதான் இன்றைக்குத் தேவை. சேரிகளுக்கு நடந்துபோய் வீட்டிலேயே புண் கழுவி மருந்திட்ட கன்னியர்கள், இல்லம் நடத்தியவர்களைவிட இதில் ஒருபடி முன்னே நின்றார்கள் என்று சொல்வேன்.

இப்போது கன்னியர் மடங்களில் சேரும் பெண்கள் குறைந்துவருகிறார்கள். ஐரோப்பாவில் மடங்கள் மூடப்படுகின்றன. அங்குள்ள முதியோரைப் பார்க்க இந்தியக் கன்னியர் போகிறார்கள். தமிழ்நாட்டிலோ பத்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர் என்று 2011 கணக்கெடுப்பிலேயே தெரிந்துவிட்டது. கூடையேந்தும் கை குறையும் காலத்தில் முதியோர் பெருகுகிறார்கள். அரசு இதைக் கொஞ்சம் உணர்ந்திருக்கிறது. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டத்தில் எழுபது தாண்டியவர்களுக்கு ரேஷன் பொருள் வீட்டுக்கே வரத் தொடங்கியது. மாத்திரையும் அரிசியும் நடந்து வரும்போது ஓய்வூதிய மனு ஏன் நடந்து வரக்கூடாது? ஆலத்தூர் வட்டத்தில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஓர் ஆளை, மகளிர் குழுவில் இருந்தே சம்பளம் கொடுத்து நியமித்து, முதியவரின் பெயரில் மனு எழுதுவது, அலுவலகம் ஏறி இறங்குவது, வங்கிக்குப் போவது எல்லாம் அவர் வேலை என்று வைத்தால் ஆகும் செலவு ஒரு தெருவுக்குச் சிமெண்டுச் சாலை போடும் செலவைவிடப் பெரிதாக இராது. செட்டிகுளத்தில் வெங்காய மண்டி இருக்கிறது. அறுவடைக் காலத்தில் எடை போடும்போது மூட்டைக்கு ஒரு கை வெங்காயம் ஒதுக்கினால், தனித்திருக்கும் முதியோர் வீடுகளுக்குக் குழம்புக்கு ஆகும். அதை வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டும். மசூதி ஜமாத்தோ, மாதா கோயில் பங்கோ, மலைக்கோயில் காவடிக் குழுவோ, யார் முன்வந்தாலும் சரிதான். மண்டிக்குப் போய்க் கேட்பது அவர்கள் பொறுப்பு என்றும், எந்தப் பாட்டியும் அந்த வரிசையில் வந்து நிற்கவேண்டியதில்லை என்றும் முதல் கூட்டத்திலேயே எழுதிவைத்துவிடவேண்டும்.